நீலாவதி சொல்லாத சாட்சி

மேடையில் பேசுகிற எவனையும் நான் நம்புவதில்லை. மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் பெட்டியோடு உட்கார்ந்து காலம் தள்ளியவனுக்கு நம்புகிற பழக்கம் வராது. போர்ட் பிளேரில் காளி பூஜையா, மீலாதா, கட்சிக் கூட்டமா, கல்யாணமா, கர்த்தர் கூட்டமா, எதுவானாலும் கூம்புக் குழாய் கட்டியது நூர்முகம்மதுவாகிய நான்தான். நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் காது இருக்கிறது. அந்தக் காதால் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

நீலாவதியை முதலில் பார்த்தது எழுபத்திரண்டு ஜனவரி மேளாவில். அந்த வருஷம் ஆபீசர் வீட்டு அம்மாமார் சேர்ந்து 'அந்தமான் அழகி' என்று ஒரு போட்டி வைத்தார்கள். ஆபீசர்கள் குடியிருக்கிற மின்னி பேயில் ஒரு பங்களா அம்மாவுக்கும் பக்கத்து பங்களா அம்மாவுக்கும் ஆகாது. பக்கத்துக்காரி தன் தங்கையை மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவழைத்து மேடையேற்றப் போகிறாள் என்று தெரிந்ததும், இவள் தன் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண்ணுக்குப் பட்டுப்புடவை கட்டிக் கொண்டுவந்து நிறுத்தினாள். 'உன் தங்கைக்கு என் வேலைக்காரி போதும்' என்று காட்டத்தான். அந்த வேலைக்காரிதான் நீலாவதி. பத்தொன்பது வயது. அழகு என்றால் அழகுதான். நான் சந்தேகப்படாத விஷயங்கள் கொஞ்சம், அதில் அது ஒன்று.

மேடையில் நின்ற எல்லாப் பெண்களிடமும் ஒரே கேள்வி கேட்டார்கள். வாழ்க்கையில் என்ன செய்ய ஆசை? இங்கிலீஷில் கேட்டு, இந்தியில் கேட்டு, கடைசியில் பங்களா அம்மா சைகை காட்டிப் புரியவைத்தாள். நீலாவதி என் மைக்கை நோக்கிக் குனிந்து தமிழில் சொன்னாள்:

"ஏசப்பாவுக்கு ஊழியம் செய்யணும். வண்டூர் பொம்பளைங்ககிட்ட அவரைப் பத்திச் சொல்லணும்."

நடுவர்களாக உட்கார்ந்திருந்த ஒரு வங்காளி டாக்டருக்கும் ஒரு பஞ்சாபி கடற்படைக்காரருக்கும் ஒரு எழுத்தும் புரியவில்லை. 'வெரி நைஸ்' என்று கை தட்டினார்கள். மூங்கில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற தமிழ்க் கூலிகள்தான் சிரித்தார்கள்.

"ஏய், இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டா ஊழியம்? சாமிக்கே புத்தி கெட்டுப் போகும்டி!"

அவள் தலையில் கிரீடம் வைத்தார்கள். தகரத்தில் கண்ணாடிக் கல் பதித்தது. பங்களா அம்மா அன்றைக்கு ராத்திரியே பட்டுப்புடவையைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். மறுநாள் அவள் தேய்க்கப் பாத்திரம் வழக்கம்போலக் கிடந்தது.

கடலோர மீனவ ஊரான வண்டூர் ஏன் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நீலாவதி குடும்பம் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம். வருகிற வழியில் மண்டபம் முகாமில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். முகாமில் ஒரு நர்ஸ் இவள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் செய்ததில் பிடித்தது இந்தப் பக்தி. அப்பன் ராஜமாணிக்கத்துக்கு அதெல்லாம் கிடையாது. அவனுக்குச் சாராயமும் மாரியாத்தாவும். தீவுக்கு வந்த முதல் வருஷம் அப்பனும் மகளும் வண்டூர் ரோட்டில் ஜல்லி உடைத்தார்கள். அங்கே ருக்கு என்று ஒரு தெலுங்கு மீனவப் பெண் இவளோடு கல் உடைத்தவள். புருஷன் தினமும் அடிப்பான். ஒரு நாள் மத்தியான இடைவேளையில் ருக்கு இவள் மடியில் தலைவைத்து அழுதாளாம். இவளுக்குச் சொல்வதற்கு வாய் நிறைய இருந்தது. பாஷை இல்லை. இவளுக்குத் தமிழ் மட்டும், அவளுக்குத் தெலுங்கும் தீவு இந்தியும். தலையைத் தடவிவிட்டு அனுப்பினாள். மறுநாள் ருக்கு வேலைக்கு வரவில்லை. மண்ணெண்ணெயை ஊற்றிக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பா நானா," என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். சிலோனில் முஸ்லிம் கடைக்காரர்களை நானா என்றுதான் கூப்பிடுவார்களாம். ஊரே என்னை பாய் என்றால் அவள் மட்டும் நானா.

நின்றிருப்பாளோ என்னமோ. வார்த்தையால் நின்றவர்களை நான் பார்த்ததில்லை.

மேளாவில் நடந்ததைக் கேள்விப்பட்டு பாஸ்டர் ஜெகநாதன் அவள் குடியிருந்த லம்பா லைன் கூலிக் குடிசைக்கே போய் அவளைப் பிடித்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். முதலில் காண்டிராக்டரிடம் மேஸ்திரி, அப்புறம் ரட்சிக்கப்பட்டு, அப்புறம் தகரக் கொட்டகையில் ஒரு சபை. அந்தச் சபையில் நகை கூடாது. தோடு, மூக்குத்தி, தாலி எல்லாம் கழற்றிய பிறகுதான் ஞானஸ்நானம். நீலாவதியின் காதில் கிடந்த அம்மாவின் கம்மலையும் கழற்ற வைத்தார்கள். அவளும் கழற்றிக் கொடுத்தாள். ஆனால் கூட்டத்துக்குக் கூட்டம் அந்தத் தகரக் கிரீடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மேடையேற வேண்டும், சாட்சி சொல்லி முடித்ததும் எல்லார் முன்னாலும் அதைக் கழற்றிக் கீழே வைக்க வேண்டும் என்று பாஸ்டர் ஏற்பாடு செய்தார். நான் கேட்டேன்.

"என்ன பாஸ்டர், கம்மல் பாவம், கிரீடம் பாவமில்லையா?"

"வே பாயி, நீரு வயரைப் பாரும். மீன் பிடிக்க முள்ளு வேணும்லா?"

முள்ளு என்று அவர் வாயாலேயே வந்தது.

ஊரில் எல்லாப் பாஷைக்காரனும் இருப்பதால் மேடையில் எப்போதும் இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் தமிழில் ஒரு வரி சொன்னால், மற்றவர் அதை உடனே இந்தியில் சொல்ல வேண்டும். நீலாவதிக்குப் பக்கத்தில் நின்றவன் உதயசூரியன். பாஸ்டரின் மச்சினன், துறைமுகத்தில் கிளார்க், இங்கேயே பிறந்தவன். தமிழைவிட இந்தி சுத்தமாக வரும். நல்ல குரல். எந்த மைக்குக்கும் ஒத்துப்போகிற குரல்.

முதல் கூட்டத்திலேயே என் காதில் விழுந்துவிட்டது. நீலாவதி சொன்னாள்: "எங்க அம்மா முகாம்ல செத்துப் போனாங்க. எனக்கு யாரும் இல்லை." உதயசூரியன் இந்தியில் சொன்னான்: "என் அம்மா சாகும்போது நான் பக்கத்தில் இல்லை. நான் ஆடிக்கொண்டிருந்தேன்."

அவள்: "மேடையில எனக்குக் கிரீடம் வச்சாங்க. மனசுல ஒண்ணும் இல்லை, வெறுமையா இருந்துச்சு."

அவன்: "கிரீடம் வைத்த அன்று ராத்திரியே ஆபீசர்கள் கிளப்புக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். ஒரு பெரிய ஆபீசர் மோதிரம் போட்டார். கப்பல் ஏறிப் போய்விட்டார். நான் படகுத்துறையில் கடலில் குதிக்க நின்றேன்."

இப்படி அவள் ஒரு வரி, அவன் ஒரு வரி. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இவன் கதையைக் கேட்டால் கல்லும் கரையும். வங்காளிப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பழைய தமிழ்க்காரர்களுக்கு இரண்டு பாஷையும் தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்து முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாம் வரிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஒருத்தனும் அவளிடம் போய்ச் சொல்லவில்லை. இலவசமாக நடக்கிற கூத்தை எவன் நிறுத்துவான்?

அவளுக்கோ வேறு கணக்கு. கூட்டம் முடிந்து வயர் சுருட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்து கேட்டாள்.

"நானா, நம்மாளுங்க சிரிக்கிறாங்க, வங்காளி அக்காமார் அழறாங்களே. ஏன்?"

"பாஸ்டரைக் கேளேன்."

"கேட்டேன். தமிழனுக்கு நெஞ்சு கடினம்னார்."

அதையும் அவள் நம்பினாள். வங்காளிப் பெண்கள் அழுவது ஆவியானவர் இறங்குவதால் என்று நினைத்தாள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் பட்டினி கிடந்து ஜெபித்துவிட்டு வந்தாள். அந்த மெலிந்த முகத்துக்கு இன்னும் கூட்டம் கூடியது.

டீக்கடையில் உதயசூரியனிடம் கேட்டேன். "ஏண்டா, அது சொல்றது ஒண்ணு, நீ சொல்றது ஒண்ணா இருக்கே?"

"அரே பாய், அவ சொல்றதை அப்படியே சொன்னா எவன் உக்காருவான்? அம்மா செத்தா, அழுதேன், சாமி வந்தாரு. பஸ், முடிஞ்சுது. எல்லார் வீட்லயும்தான் அம்மா சாவுறா. சேத்துல விழுந்தாத்தானே தூக்கி விட முடியும்? நான் அவளைச் சேத்துல கொஞ்சம் நனைச்சேன், அவ்வளவுதான்."

"அது பேரு கெடுதேடா."

"பேரா? எஸ்டேட்டு கூலிப் பொண்ணுக்கு ஏது பாய் பேரு? நான் குடுத்ததுதான் பேரு."

நீலாவதி வண்டூரை மறக்கவில்லை. அங்கே பெண்களுக்கு ஒரு கூட்டம் போடலாம் என்று பாஸ்டரிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிப்ரவரி கன்வென்ஷன் முடியட்டும் பிள்ளே, அப்புறம் வண்டூர் உனக்குத்தான் என்று அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சை வைத்துத்தான் அவள் ஒரு வருஷம் நின்றாள்.

கதை ரோட்டு வேலைக்கும் போய்ச் சேர்ந்தது. ராஜமாணிக்கத்துக்கு அதற்குள் வேலைக்கு வேண்டிய இந்தி வந்திருந்தது. கூட வேலை செய்த மஸ்தூர்கள் அவனை 'கிளப்வாலி கா பாப்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கிளப்காரியின் அப்பன். சம்பள நாளில் ஒருத்தன், "மாமா, மோதிரத்தை வித்தாச்சா?" என்று கேட்டான். ராஜமாணிக்கம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர் வாளியின் கயிற்றை நனைத்து மகளை அடித்தான்.

மூன்றாம் நாள் அவள் என் மைக் செட் கடைக்கு வந்தாள். கழுத்தில் தடிப்புத் தடிப்பாக இருந்தது. என் மனைவி மெஹர்பானு தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள்.

"அப்பா அடிக்கிறார். மேடையில நீயே ஒத்துக்கிட்டியாமேடிங்கிறார். நான் எதை ஒத்துக்கிட்டேன்? நானா, நீங்க பொட்டிக்குப் பக்கத்துல இருக்கிற ஆள். உதயண்ணன் இந்தியில என்ன சொல்றார்?"

அதுவரை என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டாள், சொன்னேன். வரி வரியாகச் சொன்னேன். மோதிரத்தை விடவில்லை, படகுத்துறையை விடவில்லை. மெஹர்பானு "போதுமே" என்றாள். எதற்குப் போதும்? பாதி சொன்னால் மீதியை அவள் இன்னும் மோசமாக நினைத்துக்கொள்வாள்.

அவள் அழவில்லை. தம்ளரைக் கீழே வைத்தாள்.

"வண்டூர் பொம்பளைங்களும் இதைக் கேட்டிருப்பாங்களா?"

"மீன் விக்க தினம் பஜாருக்கு வர்றாளுங்க. அவளுங்க கேக்காததா?"

"பாஸ்டருக்குத் தெரியுமா?"

"அவருக்கு இந்தி எனக்கு மேல தெரியும்."

போய்விட்டாள். அதோடு மேடை ஏற மாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த கூட்டத்தில் கிரீடத்தோடு வந்து நின்றாள். அதே சாட்சி. உதயசூரியன் அதே கதை. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சரி, இவளும் பழகிவிட்டாள், கைதட்டல் யாருக்குத்தான் கசக்கும் என்று என் புத்தி சொன்னது.

புத்தி தப்பு. அவள் இந்தி படித்துக்கொண்டிருந்தாள். யாரிடம்? லம்பா லைன் பைப்படியில். அங்கே காலையில் தண்ணீர் வரும்போது ஒரிசாக்காரியும் ராஞ்சிக்காரியும் மலையாளத்தியும் குடத்தால் குடத்தை இடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையில் இவளும் நின்று, கேட்டு, திருப்பித் திட்டி, அப்படித்தான் பாஷையைப் பிடித்தாள். இந்தியில் மரியாதைச் சொல் ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. பைப்படியில் எவளும் அதைப் பேசவில்லை.

பிப்ரவரி வந்தது. கன்வென்ஷன். மைதானம் நிறைய ஜனம். நாலு மணிக்கே இடம் இல்லை. சபைக்காரர்கள் கால்வாசி இருந்தால் அதிகம். மீதி எல்லாம் கிளப் கதை கேட்க வந்த கூட்டம். வண்டூரிலிருந்து ஒரு லாரி நிறையப் பெண்கள் வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நீலாவதி மேடையிலிருந்து அவர்களையே பார்த்தாள்.

பாஸ்டர் என்னிடம் வந்து, "பாயி, இன்னைக்கு பிள்ளை சத்தம் கணீர்னு இருக்கணும்," என்றார். வைத்தேன்.

"எங்க அம்மா முகாம்ல செத்துப் போனாங்க," என்று தொடங்கினாள். உதயசூரியன் தன் வரியைச் சொன்னான். "மேடையில கிரீடம் வச்சாங்க." அவன் கிளப்புக்குள் நுழைந்தான். முன்வரிசையில் ஒருத்தன் தொடையைத் தட்டினான்.

அப்போது அவள் மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள். இந்தியில் பேசினாள். அவள் பேசியதைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும்:

"ஏய், கேளு! இவன் பொய் சொல்றான். நான் கிளப்புக்குப் போகலை. மோதிரம் இல்லை, மண்ணு இல்லை. எங்கம்மா செத்தப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். டேய், தள்ளு அந்தப் பக்கம், என் முறை இது!"

பைப்படியில் குடத்தை நீட்டுகிற அதே தொண்டை. அதற்கு மேல் என் ஆம்ப்ளிஃபயர். நாலு குழாயிலும் கணீர் என்று வந்தது. ஒரு நிமிஷம் மைதானமே வாயைப் பிளந்தது. அப்புறம் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வங்காளிக் கிளார்க்குகள் எழுந்து நின்று பார்த்தார்கள். "அழகி இல்லைடா, இது குழாயடி ராணி!" என்று ஒருத்தன் கத்தினான். உதயசூரியன் கை கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றான். அவன் முகத்தில் பதற்றமே இல்லை. இவளே தன்னைக் கெடுத்துக்கொள்கிறாள், நான் எதற்கு வேர்க்க வேண்டும் என்கிற முகம்.

அவளுக்குச் சிரிப்பு புரியவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னாள். "சத்தியம்! ஏசு சாமி மேல சத்தியம்! சிரிக்காதே!"

பாஸ்டர் ஜெகநாதன் மேடையேறினார். என்னை நிறுத்தச் சொல்வார் என்று கை பொத்தான் பக்கம் போனது. சொல்லவில்லை. தந்திரத்தில் அவர் எனக்கு மேல். சாந்தமாக, முதலில் தமிழிலும் பிறகு அவரே இந்தியிலும் சொன்னார்:

"பார்த்தீங்களா ஜனங்களே, பிசாசு எப்படி வேலை செய்யுதான்னு? ஒரு வருஷமா வாய் திறந்து பாவத்தை அறிக்கையிட்ட பிள்ளை. அது சாத்தானுக்குப் பொறுக்கல. இன்னைக்கு இந்தப் பிள்ளைக்குள்ள புகுந்து, நான் ஒண்ணுமே செய்யலங்கான். இந்தச் சத்தம் நம்ம பிள்ளை சத்தமா? சொல்லுங்க. இந்தப் பாஷை அவளுக்குத் தெரியுமா? நேத்து வரைக்கும் ஒரு வார்த்தை இந்தி தெரியாத பிள்ளை!"

கூட்டம் சிரிப்பை நிறுத்தியது. அவர் சொன்னது மண்டையில் ஏறியது. நேற்று வரை இந்தி தெரியாத பெண். இன்றைக்கு இந்தியில், அதுவும் ஆண்பிள்ளை மாதிரி டேய் போட்டுப் பேசுகிறாள். வேறு என்னவாக இருக்கும்?

சபைக்காரிகள் மேடையில் ஏறினார்கள். தோள், தலை, முதுகு, கை வைக்க இடம் கிடைத்த பக்கமெல்லாம் வைத்து அமுக்கினார்கள். "வெளியே போ! வெளியே போ!" ஒருத்தி கிரீடத்தோடு சேர்த்துத் தலையைப் பிடித்ததில் தகர விளிம்பு நெற்றியைக் கிழித்தது. ரத்தத்தைப் பார்த்ததும் இன்னும் ஆவேசம். நீலாவதி "நான்தான் பேசுறேன், நான்தான்" என்று தமிழில் கத்தினாள். "நான்தான்னு சொல்லுது பாருங்க, பேரைக் கேளுங்க!" என்றாள் ஒருத்தி. முழங்கால் மடங்கி அவள் விழுகிற வரைக்கும் விடவில்லை. விழுந்து கண் செருகியதும் பாஸ்டர் கையை உயர்த்தினார். "போய்விட்டது!" மைதானம் முழுக்க அல்லேலூயா. வண்டூர் லாரியில் வந்த பெண்களும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

அன்றைக்குப் பதினேழு பேர் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்ததாகப் பாஸ்டர் பிறகு சொன்னார். அவர் எண்ணிக்கையை நான் நம்புவதில்லை. ஆனால் ஜனம் அழுதது உண்மை.

அப்புறம் அவளைச் சபை சேர்க்கவில்லை. மறுபடி பிடித்துக்கொள்ளும் என்று பயமாம். கிரீடத்தையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். பங்களா அம்மாவும் வேலையை விட்டு நிறுத்தினாள், பேய் பிடித்த பெண் குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஆகாது என்று. கொஞ்ச நாளில் பாஸ்டருக்கு மெயின்லேண்டிலிருந்து திருந்திய கொள்ளைக்காரன் ஒருத்தன் கிடைத்தான். உதயசூரியன் அவனுக்குப் பக்கத்தில் நின்றான். அவன் சொன்ன கொள்ளை இந்தியில் கொலையாகிவிட்டது.

நீலாவதி பழையபடி அப்பனோடு ரோட்டு வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ் ஏறி வண்டூருக்குப் போகிறாள் என்று மெஹர்பானு சொன்னாள். அங்கே யார் இவள் பேச்சைக் கேட்கிறார்கள் என்றேன். போய்ப் பாரேன் என்றாள்.

பார்க்கவென்று நான் போகவில்லை. மழைக்காலம் தொடங்கும் முன் வண்டூரில் ஒரு கல்யாணம். குழாய் கட்டிவிட்டு, திரும்ப பஸ்ஸுக்காகக் கரையோரம் மீன் காயப்போடும் கொட்டகை நிழலில் உட்கார்ந்தேன். அங்கேதான் அவள் இருந்தாள். மைக் இல்லை, மேடை இல்லை, மொழிபெயர்க்க ஆள் இல்லை. எட்டு ஒன்பது பெண்கள். வலை பின்னிக்கொண்டு இரண்டு பேர், பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டு ஒருத்தி. நெற்றித் தழும்போடு நீலாவதி மணலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். அவள் இந்தி கொஞ்சம் தணிந்திருந்தது.

உண்மையைத்தான் சொன்னாள். முகாம், அம்மா, நர்ஸ், ஜெபம். ஒரு சொல் கூடுதலும் இல்லை, ஒரு சொல் குறைவும் இல்லை. பெண்கள் கொட்டாவி விட்டார்கள். ஒருத்தி ஆட்டைப் பார்க்க எழுந்தாள். இன்னொருத்தி அடுப்பு என்றாள். பஜாரில் மீன் விற்கிற தடித்த தெலுங்குக்காரி ஒருத்தி வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டாள்:

"அதெல்லாம் சரிடி பொண்ணே. கிளப்புல என்ன நடந்துச்சு, அதைச் சொல்லு. அன்னைக்கு லாரில வந்தேன், சரியான இடத்துல பேய் வந்து கெடுத்துடுச்சு."

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

"அது நடக்கலை அக்கா."

"வெக்கப்படாதே. இங்க ஆம்பளை யாரு இருக்கா? அந்த மைக் பாயா? அவரு கிழவரு, காதுல வயரு சொருகினவரு."

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அப்போது நாற்பத்தைந்துகூட ஆகவில்லை.

"நடக்கலைன்னா நடக்கலை," என்றாள் நீலாவதி. "நான் சுத்தமா இருந்தேன். பொய் சொல்லிக் கூப்பிட்டா ஆண்டவர் வரமாட்டார்."

"அப்ப உனக்கு ஒண்ணுமே ஆகலை," என்றாள் தெலுங்குக்காரி. குரலில் கோபம் இல்லை. பேரம் படியாத வியாபாரத்தை விடுகிற மாதிரி வலையை மடித்தாள். "அழகா இருந்தே, கிரீடம் குடுத்தாங்க, சாமியும் குடுத்தாரு. நல்லா இரு. எங்களுக்கு என்ன?"

கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். இருபது வயது இருக்காது. மேலுதடு வீங்கி ஒரு பக்கம் இழுத்திருந்தது. ருக்குவின் புருஷன் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவள் என்று பேச்சில் தெரிந்தது. மற்றவர்கள் எழ ஆரம்பித்தபோது அவள் மட்டும் அசையாமல் கேட்டாள்.

"அக்கா, கிளப்புக்குப் போன பிறகும் உன் சாமி உன்னைச் சேர்த்துக்கிட்டார்னு சொன்னாங்களே. அது பொய்யா? அப்ப கெட்டுப் போனவளை அவர் சேர்க்க மாட்டாரா?"

நீலாவதி அவள் உதட்டைப் பார்த்தாள். சேர்ப்பார் என்று சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெண், "உனக்கு எப்படித் தெரியும்? உனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே," என்று சொல்லிவிட்டுக் கம்பத்திலிருந்து கையை எடுத்தாள். புருஷன் வீட்டுப் பக்கம் இரண்டடி போனாள்.

"நில்லு," என்றாள் நீலாவதி. "போனேன். கிளப்புக்குப் போனேன்."

அந்தப் பெண் நின்றாள். வலை மறுபடி விரிந்தது.

சொன்னாள். உதயசூரியனின் மோதிரம், உதயசூரியனின் கப்பல், உதயசூரியனின் படகுத்துறை. அவனுக்குத் தெரியாததையும் சேர்த்தாள். அந்த ஆபீசர் குடித்துவிட்டு நனைந்த கயிற்றால் அடிப்பார் என்றாள். கழுத்தைத் திருப்பி ராஜமாணிக்கம் அடித்த தழும்பைக் காட்டினாள். நெற்றியைக் காட்டி, இது மோதிரம் பட்ட இடம் என்றாள். மண்ணெண்ணெய் டின்னைக் கையில் எடுத்தேன், தீக்குச்சியும் எடுத்தேன், அப்போது தலையில் ஒரு கை வந்து விழுந்தது என்றாள். ஒரு பெண் பேன் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். தெலுங்குக்காரி அழுதாள். கம்பத்துப் பெண் மணலில் வந்து உட்கார்ந்து, ரவிக்கையைத் தளர்த்தித் தன் முதுகை அவளிடம் காட்டினாள். நான் திரும்பிக்கொண்டேன். பின்னால் ஜெபம் கேட்டது, ஒன்பது பத்துக் குரல் சேர்ந்து.

நான் கேட்டதிலேயே நல்ல சாட்சி அதுதான். என் தொழிலை வைத்துச் சொல்கிறேன்.

பஸ்ஸில் அவள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"கேட்டீங்களா நானா?"

"கேட்டேன்."

"அடுத்த வாரமும் வர்றோம்னு சொல்லியிருக்காங்க. அந்தப் பொண்ணு, தங்கச்சியையும் கூட்டிட்டு வர்றேன்னா."

"இனிமே அங்க அதைத்தான் சொல்லணும். மாத்த முடியாது."

"தெரியும்."

"நாளைக்கு மீன்காரி பஜார்ல சொல்லுவா. இந்தத் தடவை உன் வாயாலேயே கேட்டதுன்னு சொல்லுவா. உங்க அப்பன் காதுக்குப் போகும்."

"போகட்டும்," என்றாள். "அதுக்கு உண்டான அடியை அப்பா முன்னாடியே அடிச்சிட்டாரு."

லம்பா லைனில் இறங்கினாள். ராஜமாணிக்கம் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.